பூமிச் சூடு ஊர் மண்டபத்துக்கு உதவுமா?

கேள்வி: ‘‘கனடா மாதிரியான குளிர் நாடுகளில் சமுதாயக் கூடம், விளையாட்டு அரங்கங்களை எல்லாம் பூமிக்கடியில் குழாய் பதித்துக் கதகதப்பாக வைத்திருக்கிறார்களாமே... அது எப்படி? எங்கள் ஊரில் பொதுப் பணத்தில் திருமண மண்டபம் கட்டப் போகிறோம். அதே முறையில் ஏ.சி வசதி செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பிப் பணம் போடலாமா?’’ என்று கேட்டிருக்கிறார் திருச்சி மாவட்ட வாசகர் ஒருவர்.

பதில்: மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை மதியத்தில் அதே நீர் ஜில்லென்று இருக்கும். உண்மையில், நீரின் சூடு பெரிதாக மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றுதான். நிலத்துக்குள் சுமார் 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டிவிட்டால், கோடை, குளிர்காலம் என்ற வித்தியாசம் அநேகமாக இருக்காது. அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலையை ஒட்டியே மண் இருக்கும். இந்தத் தொழில்நுட்பத்துக்கு அடிப்படை இதுதான்.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 30 டிகிரி வரை இறங்கிவிடும். ஆனால், மண்ணுக்குள் 5, 6 டிகிரி இருக்கும். நமக்கு அது குளிர். அங்கே அதுவே சூடு. போர்வெல் மாதிரி 60 முதல் 100 மீட்டர் ஆழத்துக்குப் பல துளைகள் போடுவார்கள். தண்ணீர் எடுப்பதற்காக அல்ல. வளைந்து திரும்பும் ஹெச்.டி.பி.இ குழாயை இறக்கி, அதற்குள் உறையாத திரவத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். அது மண்ணின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரும். அந்தச் சூட்டை ‘ஹீட் பம்ப்’ என்ற கருவி உயர்த்திக் கட்டடத்துக்குக் கொடுக்கும்.

வீட்டு ஃப்ரிட்ஜும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. இங்கே மின்சாரம் சூட்டை உண்டாக்குவதில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமக்கிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்தில் 3 முதல் 4 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கிறது. ஐஸ்லாந்தில் நீச்சல் குளங்களுக்கு இயற்கையான வெந்நீரையே பயன்படுத்துகிறார்கள். அது வேறு; இது வேறு.

மானிடோபாவின் சிற்றூர்களில் பனிக்காலத்தில் ஊரே கூடும் இடம், ஐஸ் ஹாக்கி, கர்லிங் விளையாடும் அரங்கம்தான். பழைய முறையில், தரையை உறைய வைக்கும் எந்திரம் தான் எடுத்த சூட்டை வெளியே வீசிவிடும். பக்கத்திலேயே உடை மாற்றும் அறையையும் குளியலறையையும் சூடாக்க இன்னோர் எந்திரம் ஓடும். ஒரே கூரையின்கீழ் ஒருபக்கம் சூட்டைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் காசு கொடுத்துச் சூடு வாங்குவார்கள். ஹீட் பம்ப் வைத்த அரங்கங்களில், பனித்தளத்திலிருந்து எடுக்கும் சூடே அறைகளுக்கும் வெந்நீருக்கும் போகிறது. மிஞ்சுவது மண்ணுக்குள் போகும். தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அங்கே மண் ஒரு குதிர் மாதிரி. போடவும் எடுக்கவும் ஆள் இருப்பதால் கணக்கு சரியாக நடக்கிறது.

நம் சமவெளி மாவட்டங்களில் நிலைமை வேறு. இங்கே மண்ணுக்குள்ளேயே 27 முதல் 29 டிகிரி இருக்கும். 40 டிகிரி வெயிலில் வெளிக்காற்றைவிட அது மேல்தான். அதனால் ஏ.சி எந்திரம் கொஞ்சம் குறைவான மின்சாரத்தில் ஓடும் என்பது உண்மை. ஆனால், மண்டபத்தின் சூட்டை மண்ணில் போட்டுக்கொண்டே இருப்போம். திரும்ப எடுக்க இங்கே குளிர்காலம் இல்லை. துளைகள் குறைவாகவும் நெருக்கமாகவும் இருந்தால், குழாயைச் சுற்றியுள்ள மண் வருடா வருடம் சூடேறி, பலன் குறையும்.

இன்னொன்று, இந்த முறையில் பெரிய செலவே துளை போடுவதுதான். தினமும் ஓடும் கட்டடத்தில்தான் மின்கட்டணத்தில் மிச்சமாகி அந்தப் பணம் திரும்பும். முகூர்த்த நாள்களில் மட்டும் ஏ.சி ஓடும் மண்டபத்தில் எப்போது திரும்பும்?

எனவே, கையெழுத்துப் போடும் முன்பு அவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஏ.சி ஓடும் என்று கணக்கிட்டிருக்கிறார். இரண்டு, சாதாரண ஏ.சியைவிட எத்தனை யூனிட் மிச்சமாகும். மூன்று, இதே முறையில் நம் பகுதியில் குறைந்தது 3 வருடங்கள் ஓடிய கட்டடத்தின் மின்கட்டண ரசீதுகள். இவற்றைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள். பதில் வராவிட்டால், அந்தப் பணத்தில் உயரமான கூரை, மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, எதிரெதிர் ஜன்னல்கள், மேற்குப் பக்கம் நிழல் மரங்கள் என்று செய்துகொள்ளுங்கள். பயன் உறுதி.

இந்தத் தொழில்நுட்பத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் உண்டு. குளிரும் வெந்நீரும் ஒரே இடத்தில் தினமும் தேவைப்பட்டால், வெளியே போகும் சூட்டைப் பிடித்து வையுங்கள். உங்கள் ஊரில் பால் குளிர்விப்பு நிலையம் இருந்தால், அங்கே போய்ப் பாருங்கள். கறந்த பாலை 4 டிகிரிக்குக் குளிர வைக்கும் எந்திரம், அந்தச் சூட்டைக் காற்றில்தான் வீசிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வெப்ப மீட்புக் கருவியைப் பொருத்தினால், கேன் கழுவ 50 டிகிரிக்கு மேல் வெந்நீர் கிடைக்கும். அதற்கு ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.