கல்குவாரியும் வௌவால் குகையும்

கூலிக்கும் பிழைப்புக்கும் போராடும் நமக்கு வௌவாலைப் பற்றி என்ன கவலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் நம் வயலிலேயே இருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் திருவாரூர் வட்டார நெல்வயல்களின் மேலே சிறு வௌவால்கள் வட்டமிடுவதை விவசாயத் தொழிலாளர் அறிவர். இவை பழம் தின்னும் பெரிய வௌவால்கள் அல்ல, பூச்சி தின்பவை. தாய்லாந்தில் குகைகளில் வாழும் ஒரேயொரு வௌவால் இனம், தத்துப்பூச்சிகளைத் தின்று ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் விளைச்சலைக் காப்பாற்றுகிறது என்று 2014-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். சுமார் 26,000 ஜனங்களின் சோறு அது!

பூச்சி பெருகினால் மருந்துக் கம்பெனிக்குக் கொள்ளை லாபம். முகமூடியும் கையுறையும் இன்றி அந்த விஷத்தை முதுகில் சுமந்து அடிப்பவரோ நம் கூலித் தோழர். விளைச்சல் விழுந்தால் அறுப்பு வேலையும் குறைகிறது. அரவை மில்லில் வேலை நாளும் குறைகிறது.

இப்படி உழைக்கும் ஜீவன்களின் இருப்பிடத்துக்கு என்ன கதி? கர்நாடகத்தில், கோலார் ஜில்லா ஹனுமனஹள்ளியைப் பாருங்கள். உலகில் வேறெங்கும் காணப்படாத ஒருவகை இலைமூக்கு வௌவால், 200-க்கும் குறைவாக, அங்கே ஒரே குகையில் எஞ்சி நிற்கிறது. அந்தக் கருங்கல் குன்றுகளைக் கல்குவாரி அரித்தது. பாறை உடைத்து நுரையீரலில் தூசி ஏற்றியவர் தொழிலாளி. பணம் சேர்ந்ததோ கண்ட்ராக்டர் பெட்டியில். ஆராய்ச்சியாளர்கள் குரல் கொடுத்த பிறகே அரசு கண் விழித்தது.

நம் டெல்டாவில் மலையும் இல்லை, குகையும் இல்லை. கோயில் மண்டபங்களும் கோபுரத்து இருட்டுத் தட்டுகளுமே இங்கே குகை. திருப்பணி என்ற பெயரில் புகை போட்டு விரட்டுவதும், குட்டிகளை உள்ளே வைத்து வழியை அடைப்பதும் கூடாது. பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு குட்டியே ஈனும் பிராணி இது. அழிந்த கூட்டம் மீண்டும் பெருகுவது லேசல்ல. நாமும் அதைக் கையால் தொட வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

ஆகவே சர்க்காரை வற்புறுத்துகிறோம்: வௌவால் தங்கும் குகைகளைக் கணக்கெடுங்கள்! அவற்றின் அருகே குவாரிக்கு லைசென்ஸ் கொடுக்காதீர்கள்! அதனால் வேலையிழக்கும் கல்லுடைக்கும் தொழிலாளிக்கு மாற்று வேலை கொடுங்கள்! மருந்தடிப்போருக்குப் பாதுகாப்புச் சாதனம் கொடுங்கள்!

வௌவாலையும் தொழிலாளியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர் லாபக்காரர். அந்தச் சூழ்ச்சிக்கு இரையாகாமல், கிராமந்தோறும் சங்கக் கிளைகள் இக்கோரிக்கைகளை எடுத்துச் செல்ல வேண்டும்.