சோளப்பொரியின் உப்பை நாமே அளப்போம்

"சோளப்பொரி சாப்பிடலாமா, டாக்டர்?" என்று இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. சாப்பிடலாம், ஆனால் வீட்டில் செய்ததாக இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து.

சோளப்பொரி நார்ச்சத்து மிக்க முழுத்தானியம். தீங்கு தானியத்தில் இல்லை. பொட்டலத்தில் முன்னரே கலந்துவரும் உப்பிலும் கொழுப்பிலும் இருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டபின், நொறுக்குத்தீனிக்கு எஞ்சுவது மிகச் சிறிதே.

பொரிப்பதற்கென விற்கும் உலர்ந்த சோளம் 2 மேசைக்கரண்டி எடுத்து, மைக்ரோவேவ் அடுப்புக்கு உகந்த ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, அதற்கேற்ற தட்டால் மூடி, 2 முதல் 3 நிமிடம் சூடாக்கினால் போதும். மணிக்குள் உள்ள ஈரமே ஆவியாகி அதை வெடிக்கச் செய்வதால் எண்ணெய் தேவையில்லை. வெடிப்புகளுக்கிடையே 2 நொடி இடைவெளி விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆவி முகத்தில் படாதவாறு திறந்து, மிளகுத்தூளோ சீரகத்தூளோ தூவுங்கள்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கும் இதைத் தரலாகாது, மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். குடல் அறுவை செய்துகொண்டோர் தம் மருத்துவரைக் கேட்டபின்னரே உண்ண வேண்டும்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளிக்கு ஒரு கிண்ணம், மற்றவர்களுக்கு வேறொன்று என்று பிரிக்காதீர்கள். தனிமைப்படுத்தும் பத்தியம் நெடுநாள் நிலைப்பதில்லை. ஒரே கிண்ணத்திலிருந்து அனைவரும் உண்ணுங்கள். உப்பு குறைவது எல்லோருக்கும் நன்மையே.