கிரெடிட் இல்லாத பாடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளின்படி பொறியியல் படிப்பவர்களுக்கு எம்.எக்ஸ். 3081 என்று ஒரு தாள் உண்டு. பெண்கள், பாலினம் பற்றிய படிப்புக்கு அது ஓர் அறிமுகம். இலக்கியம், திரைப்பட ரசனை, பேரிடர் மேலாண்மை ஆகிய மூன்றோடு சேர்த்து நான்கில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள். நான்கில் ஏதாவது ஒன்றை முடித்தால் போதும். முடித்தாலும் கிரெடிட் கிடையாது. அரியர் பயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மாணவன் இப்படிப்பட்ட தாளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவான் என்று யாரும் குழு அமைத்து ஆராய வேண்டியதில்லை.

அந்த மாணவன் தினமும் ஏறி இறங்கும் ரயிலைப் பார்த்தால், எதைக் கோட்டைவிட்டிருக்கிறோம் என்பது தெரியும். ஆவடியைத் தாண்டி திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர் என்று போகும் பாதையின் இருபுறமும் பொறியியல் கல்லூரிகள். அதே பாதையில்தான் அம்பத்தூரும் காக்களூரும். வடக்கே கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட்டுகள். தெற்கே திருப்பெரும்புதூர், ஒரகடம். செவ்வாப்பேட்டையில் விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கும் ரயிலுக்குமாகப் பிரிந்து ஓடும் பெண்களின் தோளில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்ததும் சிலர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்காக மூன்றரை, நான்கு மணிக்கே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அடுத்த பெட்டியில் கல்லூரிப் பையன்கள். நாலைந்து வருடம் கழித்து அந்தப் பையன்களில் ஒருவன் இந்தப் பெண்களின் லைனுக்கு சூப்பர்வைசராக வருவான். டார்கெட் எவ்வளவு, பாத்ரூம் போக எத்தனை நிமிடம், கர்ப்பிணிக்கு எந்த வேலை, ஓ.டி. யாருக்கு என்பதையெல்லாம் அன்றாடம் அவன்தான் முடிவு செய்வான். அதற்கு அவனைத் தயார் செய்த பாடம் எது என்று கேட்டால் கல்லூரியிடம் பதில் இல்லை.

இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது. மேடைகளில் பெருமையோடு எடுத்துச் சொல்லப்படுவதும் இதுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பெண்களை இத்தனை பேராக ஆலைக்குள் அனுப்பிய ஒரு மாநிலம், ஆலையை நடத்தப்போகிறவர்களுக்குப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஒரு மணி நேரமாவது ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டாமா?

எம்.எக்ஸ். 3081-இன் பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள். அடிப்படைக் கருத்துகள், பெண்ணியக் கோட்பாடுகள், பெண்கள் இயக்கங்கள், மொழியும் பாலினமும், ஊடகச் சித்திரிப்பு. எதுவும் தவறில்லை. விளம்பரத்தில் பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள் என்று மாணவன் தெரிந்துகொள்ளட்டும். வேலை என்ற தலைப்பில் மட்டும் ஓர் அலகு இல்லை. கூலி, ஷிப்ட், இயந்திரம், பாதுகாப்புக் கவசம், ஹாஸ்டல், குழந்தைகள் காப்பகம் எதற்கும் தனி இடம் இல்லை. இலக்கியத் துறைக்கு எழுதிய பாடத்தை அப்படியே இயந்திரவியல் துறைக்கு எடுத்துக் கொடுத்ததுபோல இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் இந்தப் படிப்பு பிறந்ததே வேலையைக் கணக்கெடுக்கப் போய்த்தான். மத்திய அரசு 1971-இல் அமைத்த பெண்கள் நிலை குறித்த குழு, 1974 இறுதியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. குழுவின் உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். 1901-இல் 1,000 ஆண்களுக்கு 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971-இல் 930 ஆக இறங்கியிருந்ததை அந்த அறிக்கை நாட்டின் முன் வைத்தது. சுதந்திரம் வந்த பிறகு பெண்களின் நிலை உயர்ந்துகொண்டே போகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியர்கள் திகைத்துப்போனார்கள். அதே 1974-இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் முன்னின்று பெண்ணியல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் பொருளியலாளர் தேவகி ஜெயின் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார். மக்கள்தொகைக் கணக்கில் ‘வேலை செய்யாதவர்’ என்று பதிவான பெண்கள், விடிந்ததிலிருந்து இரவு வரை வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணும் பழக்கம் பிறகு அரசாங்கத்துக்கும் வந்தது. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் முதல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாடு அதில் ஒன்று. 2024 கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குக் கூலியில்லாமல் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ‘இந்தப் பொண்ணுங்க ஏன் ஓ.டி.க்கு நிக்க மாட்டேங்குது?’ என்று அலுத்துக்கொள்ளும் சூப்பர்வைசருக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பாதி சண்டை குறையும்.

தமிழ்நாடு இந்தப் படிப்பில் பின்தங்கிய மாநிலமும் இல்லை. பெண்களுக்கென்றே 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது, கொடைக்கானலில். (மலை உச்சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெண்கள் வந்துபோக வேண்டும் என்று நினைத்தார்களா என்பது தனிக் கேள்வி.) திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் துறைகள் இருக்கின்றன. அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி, தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றிய ஆய்வு நூலை 1984-இலேயே வெளியிட்டுவிட்டார். பல்கலைக்கழக மானியக் குழு 1980-களின் நடுவில் பெண்ணியல் மையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் எல்லாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் தயவில். 2017 மார்ச்சில் 12-வது திட்டம் முடிந்ததும், நாடெங்கும் இருந்த 160-க்கும் மேற்பட்ட மையங்கள் அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றன. துறை இருக்கிறது, ஆளில்லை, ஆளிருந்தால் நிரந்தரமில்லை. பெண்களே வந்து பெண்களுக்கே சொல்லிக்கொடுத்துப் போகும் தனி அறையாக அது சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே என்ன நடந்தது? 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளைச் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்றால் ஆலையில் மாத்திரை கொடுப்பார்கள். அட்டையில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. லைன் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். 2021 டிசம்பரில், இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லி ஹாஸ்டலில் தங்கி ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாததால் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். 2024 ஜூனில், கல்யாணமான பெண்களை அதே ஆலைக்கு ஆள் எடுப்பவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706.50 கோடி ரூபாயில் பிரம்மாண்டமான குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்லதுதான். கட்டடத்துக்குக் கோடிகள் கிடைக்கின்றன. அதை நிர்வகிக்கப்போகும் ஆளுக்கு ஒரு செமஸ்டர் பாடம் கிடைக்கவில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி, பெண்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாடு தனியாகச் சட்டம் கொண்டுவர 2021 வரை ஆனது. தி. நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்குக் கால் வலிக்கும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்ததைப் பேச ஓர் இடம் இல்லை. பேசியதைப் பதிவு செய்ய ஒரு துறை இல்லை.

பொறியாளருக்கு இதெல்லாம் எதற்கு, அவர் டிசைனை மட்டும் பார்க்கட்டும் என்பவர்கள் உண்டு. டிசைனையே பார்ப்போம். கார் மோதல் சோதனையில் டிரைவர் இருக்கையில் உட்காரவைக்கும் பொம்மை, பல பத்தாண்டுகளாக ஆணின் உடலை வைத்துச் செய்தது. பெண் பொம்மை என்று இருந்ததும் அதே ஆண் பொம்மையைச் சுருக்கிய வடிவம்தான். உயரம் சுமார் ஒன்றரை மீட்டர், எடை 49 கிலோ. விளைவு, ஒரே மாதிரி விபத்தில் சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. சராசரிப் பெண்ணின் உடலை அளந்து, 162 செ.மீ. உயரம், 62 கிலோ எடையில் ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு காட்டியது 2022-இல்தான். ஒரகடத்தில் மோதல் சோதனைக் கூடம் இருக்கிறது. சுற்றிலும் கார் ஆலைகள். செவ்வாப்பேட்டைப் பக்கம் ஆட்டோமொபைல் படிக்கும் மாணவனுக்கு இந்தக் கதை பாடத்தில் வராதென்றால், அந்தப் பொறியியல் பாடத்திலேயே ஓட்டை இருக்கிறது.

பாலியல்பு பற்றிய படிப்பின் நிலை இன்னும் மோசம். தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, இது பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே பாடம் கேட்டார். பிறகுதான், அந்த ஜூனில் உத்தரவு. பாலீர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை. நீதிபதியின் நேர்மை பெரிது. ஆனால் இத்தனை சட்டக் கல்லூரிகள் உள்ள நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி தனியாக வகுப்பு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மருத்துவத்திலும் இதே கதைதான்: 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பெண்களுக்கு இடையிலான உறவு மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றப் பட்டியலில் ஏறியிருந்தது. கண்டனம் எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். யாரோ பழைய பக்கத்தை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையாக அறியப்படும் கிரேஸ் பானு படித்தது இதே ரயில் பாதையில், அரக்கோணத்தில். 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. வாரியம் வந்த வேகத்தில் வகுப்பறை வரவில்லை.

இந்தப் படிப்பையே வேண்டாம் என்று ஒழித்த நாடும் உண்டு. ஹங்கேரி 2018-இல் பாலினப் படிப்புகளுக்கு இருந்த அங்கீகாரத்தை ரத்து செய்தது. படிப்பவர்களுக்கு வேலை கிடைக்காது என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கே யாரும் ரத்து செய்யவில்லை. கிரெடிட் கொடுக்காமல் விட்டால் தானாகவே வாடிவிடும்.

ஆனால் அதே அண்ணா பல்கலைக்கழகம் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு தாள்களை 2022-இல் எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் கிரெடிட்டோடு கட்டாயமாக்கியது. மனம் இருந்தால் ஒரே ஆண்டில் முடிகிற காரியம். எம்.எக்ஸ். 3081-ஐயும் அப்படி மாற்றலாம். கோட்பாட்டைப் பாதியாகக் குறைத்து, வேலையும் இயந்திரமும் என்று இரண்டு அலகு சேர்த்து, மாணவர்களைக் காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அழைத்துப் போகலாம். பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் இன்னும் எளிமையாக. தொழிலாளர் மேலாண்மை படிக்கும் வருங்கால நல அலுவலர்களுக்கு இன்னும் ஆழமாக. அரசுப் பள்ளியில் படித்து வரும் பெண்கள் கல்லூரியில் தொடர 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறோம். அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பையனுக்கான செலவு இந்த ஒரு தாள்.

யார் சொல்லிக்கொடுப்பது? திருச்சியிலும் காரைக்குடியிலும் கொடைக்கானலிலும் பெண்ணியலில் எம்.ஏ., பிஎச்.டி. முடித்தவர்கள் இருக்கிறார்கள், இவர்களில் எத்தனை பேரைப் பொறியியல் கல்லூரிகள் வேலைக்கு எடுத்திருக்கின்றன? வேலை கல்லூரியோடு நிற்பதும் இல்லை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு வேண்டும். அதில் விஷயம் தெரிந்த வெளி உறுப்பினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். சட்டம் வந்து பத்தாண்டு கழித்தும் குழுக்கள் ஒழுங்காக அமைக்கப்படவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் வரையும் கும்மிடிப்பூண்டி வரையும் உள்ள ஒவ்வொரு யூனிட்டிலும் அந்த வெளி உறுப்பினர் யார் என்று தொழிலாளர் துறை ஒரு பட்டியல் கேட்டு வாங்கட்டும். காலியாக இருக்கும் இடங்களுக்கு ஆள் தேடும்போது, பெண்ணியல் படித்தவர்களுக்கு எங்கே வேலை என்ற கேள்விக்கும் கணக்கு கிடைத்துவிடும்.