கடல் நடுவே ஒரு வாளித் தண்ணீர்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்துகிறேன் என வாசகர்கள் கடிந்துகொள்கிறார்கள். நியாயம்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில், மிச்சமிருந்த ஒன்று நம் செஞ்சி. கூடப்பிறந்தவர்களில் ஒருவரையாவது பார்த்துவிட்டு வந்து எழுதலாமே என்று கொங்கணக் கரைக்குப் போனேன். போயிருக்கவே வேண்டாம். செஞ்சிக்கு இந்த வாரமும் இடமில்லை. சிந்துதுர்க்கத்தைச் சுற்றிக் காட்டிய படகில் ஒரு பையன் என்னை நன்றாகக் கிளறிவிட்டுவிட்டான்.

மால்வண் என்பது மீன்குழம்புக்குப் பேர்போன சிறு ஊர். அங்கிருக்கும் படகுத்துறையில் நின்றால் கோட்டை எதிரே தெரியும். கடலிலிருந்து எழுந்த மாதிரி இல்லை, கடலோடு கடலாகப் படுத்துக் கிடக்கிறது. நேரே போனால் கால்மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நாங்கள் ஏறியது சுற்றுலாப் படகு. மதிலோரமாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகும். ஆளுக்கொரு காவி நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். எனக்கு வந்ததில் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் மீன்வலை நைலான் கயிற்றைப் போட்டு முடிந்திருந்தார்கள். முந்தைய ஆளின் வேர்வை இன்னும் காயவில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வழிகாட்டிப் பையன் மைக்கை எடுத்தான் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது.

மைக் மீது எனக்கு இருக்கும் பகை உங்களுக்குப் பழைய கதை. கல்யாண மண்டப மைக், பேருந்து நிலைய மைக், மார்கழி மாதத்து மைக் எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் ஏசியாயிற்று. கடலுக்குள்ளும் அது துரத்தி வரும் என்று நினைக்கவில்லை. அலைச் சத்தம், எஞ்சின் சத்தம், அதற்கு மேல் இவன் சத்தம். சொல்வதெல்லாம் பிரமாண்டம். மதில் எத்தனை நீளம் என்று ஒரு கணக்குச் சொன்னான். எங்களைக் கடந்துபோன படகில் இருந்த இன்னொரு வழிகாட்டி அதையே அரை கிலோமீட்டர் கூட்டிச் சொல்லிக்கொண்டு போனான்.

இத்தனைக்கும் உள்ளதைச் சொன்னாலே போதும், வாயைப் பிளக்க வைக்கிற கதை அது. ஜஞ்ஜிரா என்ற கடற்கோட்டை வடக்கே சித்திகள் கையில் இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான அந்தத் தளபதிகளிடமிருந்து மராட்டியர்களால் கடைசிவரை அதைப் பிடுங்க முடியவில்லை. பிடுங்க முடியாவிட்டால் என்ன, நமக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்வோம் என்று சிவாஜி 1664 நவம்பரில் குர்டே என்ற பாறைத்தீவில் வேலையைத் தொடங்கினார். ஹிரோஜி இந்துல்கர் என்பவரின் மேற்பார்வையில் மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. அடித்தளக் கற்களைப் பிடித்துக்கொள்ள ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். வாசல் எங்கே என்பது கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு கொத்தளங்கள் ஒன்றையொன்று தழுவுகிற மாதிரி வளைந்து வாசலை மறைத்துக்கொள்கின்றன. படகு மதிலில் இடித்துவிடுமோ என்று பயப்படுகிற இடத்தில்தான் சந்து திறக்கிறது. அந்த இடத்தில் பையன் மைக்கை அணைத்துவிட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் செய்த ஒரே நல்ல காரியம்.

சிந்துதுர்க்கம் தனியாள் இல்லை. பத்மகட், ராஜ்கோட், சர்ஜேகோட் என்று சிறுசிறு துணைக்கோட்டைகள் அருகில் உண்டு. ராஜ்கோட்டில்தான் 2023 டிசம்பரில் திறந்த 35 அடி சிவாஜி சிலை, 2024 ஆகஸ்டில், ஒன்பது மாதம்கூட முழுதாக நிற்காமல் விழுந்தது. இப்போது அதைவிடப் பெரிதாக இன்னொன்று நிற்கிறது. படகு அந்தப் பக்கம் திரும்பியபோது மைக்கிலிருந்து பாட்டு மட்டும் வந்தது.

கோட்டைக்குள் சிவாஜிக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் மகன் ராஜாராம் கட்டியது, ஆண்டு 1695 என்கிறார்கள். இங்கேதான் எனக்குக் காது நிமிர்ந்தது. 1695-இல் ராஜாராம் எங்கே இருந்தார்? நம் செஞ்சியில். 1690 வாக்கில் சுல்ஃபிகர் கான் தலைமையில் முகலாயப் படை செஞ்சியை வளைக்க ஆரம்பித்தது. 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். ஆக, முற்றுகைக்குள் இருந்தபடியே அப்பாவின் கோயிலுக்கு உத்தரவு அனுப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆண்டு பிசகு. பையனிடம் கேட்டேன். “காகா, அதெல்லாம் மேலே தீர்மானம் ஆன விஷயம்” என்று வானத்தைக் காட்டினான். இந்த முடிச்சைச் செஞ்சி பற்றி எழுதும்போது அவிழ்க்கப் பார்க்கிறேன்.

சரி, கிணற்றுக்கு வருவோம். ஒரு கிணற்றை எட்டிப் பார்க்காமல் நான் தாண்டிப் போகமாட்டேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கம்பிவலை போட்டு மூடிய கிணறுகளுக்காக அழுதபோது, ‘வேறு வேலை இல்லையா’ என்று எழுதியவர்கள் உண்டு. இல்லை. சிந்துதுர்க்கத்தில் மூன்று நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருக்கின்றன. தூத் பாவ், தஹி பாவ், சாகர் பாவ். பால், தயிர், சர்க்கரை என்று பேர் வைத்திருக்கிறார்கள், உப்புக்கடலுக்கு நடுவே குடித்தவனின் சந்தோஷம் அந்தப் பேரிலேயே இருக்கிறது. கோட்டைக்குள் இன்றும் சில குடும்பங்கள் வசிக்கின்றன. பிடிசுவரில் கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் என் சுண்டுவிரல் முழுசாக அடங்கியது. ஒரு அம்மாள் இறைத்த வாளியிலிருந்து கையில் ஏந்திக் குடித்தேன். உப்பு துளியும் இல்லை. மனைவி தடுத்துப் பார்த்தாள். இந்த வயதில் கண்ட தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றாள். குடித்த பிறகு தடுத்து என்ன?

அப்போதுதான் பையன் சொன்னான்: “சுற்றிலும் உப்பு, நடுவில் சர்க்கரை. கோடையில் கரையில் இருக்கிற கிணறு வற்றினாலும் இது வற்றாது. மகாராஜின் புண்ணியம். எந்த விஞ்ஞானியாலும் காரணம் சொல்ல முடியவில்லை.” எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. புண்ணியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காரணம் சொல்ல முடியவில்லை என்கிற அந்தக் கடைசி வாக்கியம்தான். காரணத்தை எப்போதோ சொல்லிவிட்டார்கள், அதுவும் சொன்னவர்களில் முக்கியமானவர் கோட்டை கொத்தளத்தோடு பிழைப்பு நடத்திய ஆள். பாடோன் கைபன் என்று ஒரு டச்சு ராணுவப் பொறியாளர். ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் கிணறு இறக்குவதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1889-இல் அது அச்சாயிற்று. ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் வடகடல் தீவுகளின் தண்ணீரைப் பார்த்துவிட்டு 1901-இல் அதே கணக்கை வெளியிட்டார். இவர்களுக்கும் முன்பே, 1828-இல், ஜோசப் டு காம்யூன் என்ற பிரெஞ்சு வாத்தியார் இதை எழுதியிருக்கிறார். அவர் மொழிப்பாடம் நடத்திய இடமும் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி!

விஷயம் இவ்வளவுதான். தீவில் பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்குகிறது. அடியில் நாலாபுறமும் கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிராம். கனம் குறைந்தது மேலே மிதக்கும். கலந்துவிடாதா என்றால், திறந்த தொட்டியில் கலந்துவிடும். மண்ணின் இடுக்குகளுக்குள் தண்ணீர் நகர்வதே மெல்ல என்பதால் எல்லையில் மட்டும் கொஞ்சம் கலந்து நிற்கிறது. தம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டியைப் போல நல்ல தண்ணீரின் பெரும்பகுதி கீழே அமிழ்ந்திருக்கிறது. 25 கிராம்தான் வித்தியாசம் என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மணல் தீவில் இது அழகாக வில்லை வடிவில் அமையும். சிந்துதுர்க்கம் மாதிரி பாறைத்தீவில் விரிசல் போன பக்கமெல்லாம் கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். அதனால்தான் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரிந்த ஆள் வேண்டும். மூன்று கிணறுகளுக்கும் இடம் பார்த்துக் கொடுத்தவன் யாரோ! சிலை வைப்பதானால் அவனுக்கும் ஒன்று வைக்கலாம்.

விடுதி அறைக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கோட்டையின் பரப்பு 48 ஏக்கர். மழையை இரண்டு மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கொங்கணத்துக்கு அது சாதாரணம். 39 கோடி லிட்டர் தண்ணீர் தலையில் விழுகிறது. பத்தில் ஒரு பங்கு மட்டும் கீழே இறங்கினாலும் நாலு கோடி லிட்டர் போல வரும். ஆயிரம் பேர் கொண்ட காவற்படை, ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 73 லட்சம் லிட்டர்தான் செலவு. இறங்கிய நீரில் ஒரு பகுதி ஓரங்களில் கடலுக்குக் கசிந்து போனாலும் கட்டுப்படியாகும். கயிறும் வாளியுமாக இறைக்கிறவரைக்கும் அந்தக் கிணறு வற்றவும் செய்யாது, உப்புக் கரிக்கவும் செய்யாது.

கோட்டை என்றால் மதிலைத்தான் காட்டுகிறார்கள். பீரங்கியைத் தட்டிக் காட்டுகிறார்கள். உள்ளே குடிக்க நீர் இல்லையென்றால் மதிலின் கனம் யாருக்கு வேண்டும்? எதிரி பக்கத்தில் கப்பலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் தீர்ந்தது. யாராலும் வெல்ல முடியாத ஜஞ்ஜிராவுக்குள் இரண்டு பெரிய நன்னீர்க் குளங்கள் இருக்கின்றன. செஞ்சியின் ராஜகிரி உச்சியில் சுனையும் மழைநீர்த் தேக்கங்களும் உண்டு. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். எட்டாண்டு இழுத்த முற்றுகையைப் பற்றிப் பேசுகிற புத்தகங்கள் பீரங்கிக்குக் கொடுக்கிற பக்கங்களில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

மால்வண் பையனை மட்டும் சொல்வானேன்? தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் நடைபாலம் போட்டுப் போய் இறைத்தால் நல்ல தண்ணீர். ராமர் வில்லை ஊன்றினார் என்பதோடு கதை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு மேலே நல்ல தண்ணீராகவும் ஆழத்தில் உவர்நீராகவும் இருக்கும். மேலே சொன்ன கணக்கைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதையும் அடியில்லாத கிணறு என்று சொல்லிப் பயமுறுத்தத்தான் பழகியிருக்கிறோம்.

தனுஷ்கோடிப் பெண்களுக்கு இந்த விஷயத்தில் பாடம் தேவையில்லை. கடலுக்குக் கொஞ்ச தூரத்தில் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுக்கிறார்கள். ஆழமாகத் தோண்டமாட்டார்கள். ஊறுகிற வேகத்துக்கு மொண்டுகொள்வார்கள், அவசரப்பட்டால் உப்பு வந்துவிடும் என்று தெரியும். கைபனின் கணக்கைத் தலைகீழாகப் படித்தால் அதுதான்: மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் இதைப் பரிசோதித்தே பார்த்துவிட்டோம். ஆழ்குழாய் போட்டு நகரத்துக்கும் ஆலைக்கும் வயலுக்குமாக ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினோம். கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதற்கு யாரும் கைதட்டவில்லை.

திரும்பும் படகில் பையன் மைக்கைக் கீழே வைத்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த இந்தியில் இதையெல்லாம் சொன்னேன். தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டான்.

“காகா, ஐஸ்கட்டி நல்லா இருக்கு. ஆனா இதைச் சொன்னா யார் டிப்ஸ் தருவாங்க?”

மனைவி தன் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து அவன் கையில் வைத்தாள். அடுத்த நடையில் சொல்லிப் பார், என்றாள். சொன்னானா என்று தெரியவில்லை. கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பருவமழைக் காலத்தில் படகு விடமாட்டார்கள், கடல் அப்படி. நாரளி பௌர்ணமிக்குக் கரையில் தேங்காய் விட்டுக் கடலைச் சாந்தப்படுத்திய பிறகுதான் மீனவர்களே இறங்குவார்கள். அக்டோபரில் ஒரு தரமும், முடிந்தால் மே மாதத் தொடக்கத்தில் ஒரு தரமும் போங்கள். ஒவ்வொரு முறையும் பிடிசுவரிலிருந்து தண்ணீர் எத்தனை முழம் கீழே இருக்கிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முடிச்சுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எனக்கு அனுப்பினால் மிச்சக் கணக்கை நான் போட்டுச் சொல்கிறேன்.