மலையை வெல்வதாவது?

மலைச்சாலைகளில் நாள் முழுதும் மிதிவண்டி ஓட்டுவோர் எழுதும் பயணக் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவன் நான். அண்மைக்காலமாக அவை மதிப்பெண் பட்டியலாகிவிட்டன. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், சராசரி வேகம் என்ன. எங்கும் கால் ஊன்றவில்லை. முடிவில், 'மலையை வென்றேன்'. மலை எப்போது இவர்களைப் போருக்கு அழைத்தது? இதைச் சாகசம் என்கிறார்கள். பழைய வீம்பு என்பதே என் கட்சி. அந்த வீம்புக்கு ஊரும் பெயரும் ஆண்டும் உண்டு.

1902இல் பிரெஞ்சு டூரிங் கிளப், பைரனீஸ் மலையில் 2115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயில், கியர் மாற்றும் மிதிவண்டிகளைச் சோதித்தது. மறு ஆண்டே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கவிருந்த பத்திரிகையாசிரியர் ஆன்ரி தெக்ராஞ்சுக்கு அது பொறுக்கவில்லை. கியரெல்லாம் நாற்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கு என்று எழுதினார். (அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு இதில் சொந்த வருத்தமும் உண்டு.) அவருடைய பந்தயத்தின் முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றி வாய்த்தது 1937இல்தான். அதுவரை ஏற்றத்தின் அடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு எதிர்க்கட்சி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவீ. செந்த் எத்தியேன் நகரில் 1887இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியவர். பசிக்குமுன் உண், களைக்குமுன் ஓய்வெடு, வீம்புக்காக மிதிக்காதே என்பன அவர் வகுத்த விதிகளில் சில. சோம்பேறியின் விதிகள் என்று எண்ணிவிட வேண்டாம். இரவும் பகலுமாக நெடுந்தொலைவு ஓட்டியவர் அவர். தொலைவை அவர் வெறுக்கவில்லை. தொலைவைக் காட்டி மார்தட்டுவதைத்தான் வெறுத்தார்.

அவர் ஊருக்குத் தெற்கே, 1161 மீட்டர் உயரத்தில் ரெப்பூப்ளிக் கணவாய் இருக்கிறது. தெக்ராஞ்சின் 1903 பந்தயமும் இவ்வழியேதான் சென்றது. இலையுதிர்காலத்தில் இச்சாலையில் ஒரு நாள் ஓட்டுவதை எண்ணிப் பாருங்கள். (இச்சொல்லே நம் ஆறு பருவங்களில் இல்லாதது. கூதிர் என்று மொழிபெயர்ப்போர் உண்டு. ஐப்பசி மழைக்கும் இதற்கும் என்ன உறவு?) அக்டோபர் இறுதியில் அங்கே பகல் ஏறக்குறைய பத்தரை மணி நேரமே. வெயில் படாத வளைவுகளில் பீச் மரச் சருகுகள் நனைந்து ஒட்டிக் கிடக்கும். பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். நகரம் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கணவாயின் உச்சியில் குளிர் நான்கு டிகிரியாவது கூடுதல். வீம்புக்காரர் பெரிய கியரில் முக்கி ஏறி, சட்டை பிழியும் அளவு வியர்த்துப் போய்ச் சேர்வார். அதன்பின் புர்க் அர்ழாந்தால் நோக்கி நீண்ட இறக்கம். ஈரச் சட்டையில் எதிர்காற்று அறைய, விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்க வலுவின்றிப் போகும். சிறு கியரில் வியர்க்காமல் ஏறியவர், உச்சியில் இறங்கி ரொட்டி தின்று, பழைய செய்தித்தாளை நெஞ்சோடு சட்டைக்குள் செருகிக்கொண்டு, சருகுகளைப் பார்த்துப் பார்த்து இறங்குவார். இவ்விருவரில் எவர் மலையை அறிந்தவர்?

உடலை வருத்துவதிலும் ஓர் இன்பம் உண்டு என்று நண்பர்கள் வாதிடலாம். உண்டு, மறுக்கவில்லை. அந்த இன்பம் கட்டுரையில் இருந்தால் நானே முதலில் கைதட்டுவேன். எண்களைத்தானே தருகிறீர்கள்? சருகு வாசனை இல்லை, உச்சியில் ஊதும் காற்று இல்லை, பயம்கூட இல்லை.

அடுத்த கட்டுரையில் எந்த வளைவில் இறங்கித் தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். தள்ளும்போது எதைப் பார்த்தீர்கள் என்பதையும். இருமுறை படிக்கிறேன்.