கடைக்குக் கேட்கிற கேள்வியை கெம்பஸுக்கும் கேளுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு என்னுடைய போனுக்கு வருகிற அழைப்புகளில் பாதி வாப்பாமாருடையது. "சேர், மகனுக்கு ஒரு பி, ரெண்டு சி. எந்த கெம்பஸ் கிடைக்கும்?" கேள்வி அதோடு முடிந்துவிடும். எது கிடைக்கிறதோ அதற்குப் போவது என்று வீட்டில் ஏற்கனவே முடிவாகியிருக்கும்.

இப்படிக் கேட்பவர்களில் நிறையப் பேர் வியாபாரிகள். புறக்கோட்டைக்குப் போய் பெருநாள் சரக்கு எடுக்கும்போது இவர்கள் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். இது நம்முடைய ஊரில் போகுமா? பக்கத்துக் கடைக்காரரும் இதைத்தான் எடுத்திருக்கிறாரா? பெருநாளைக்கு முன் விற்று முடியுமா? மிஞ்சினால் திருப்பி எடுப்பீர்களா? ஒரு கட்டு சாரனுக்கு இவ்வளவு விசாரணை. பிள்ளையின் நான்கு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை!

உயர்தர வகுப்புக்குக் கணக்கீடும் பொருளியலும் படிப்பிக்கிறவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

"படிப்பு இலவசம்தானே, நட்டம் என்ன?" என்பார்கள். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் ஆசிரியராகவே ஆகியிருக்க முடியாது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இலவசம் என்பது கட்டணம் மட்டும்தான். பொருளியலில் முதல் பாடத்திலேயே அமையச் செலவு என்று படிப்பிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிற மற்றதின் பெறுமதி. பிள்ளைகள் அதைப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதிவிட்டு, மறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். கெம்பஸ் போகாமல் ஒரு கடையில் நின்றால் மாதம் 40,000 ரூபா கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்துக்கு 19 இலட்சத்து 20 ஆயிரம். போர்டிங், பஸ், சாப்பாடு என்று வீட்டில் இருந்தால் ஆகாத செலவு மாதம் 15,000 என்றால் அது 7 இலட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 26 இலட்சத்து 40 ஆயிரம். மஹாபொல கிடைத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பரீட்சை எழுதிவிட்டுக் கெம்பஸ் அழைக்கும் வரை காத்திருக்கிற காலத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. இவ்வளவு முதல் போட்டு யாராவது ஒரு கடையைத் திறந்தால், என்ன விற்கப் போகிறோம் என்று தெரியாமல் திறப்பாரா?

கெம்பஸ் போகாதே என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போகிற பிள்ளை கணக்குத் தெரிந்து போகட்டும் என்கிறேன்.

எங்களுடைய பழைய கணக்கு ஒன்று இருந்தது. பட்டம் எடு, ஊர்வலம் போ, கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னால் உட்காரு, ஏதாவது ஒரு தேர்தலுக்குப் பக்கத்தில் நியமனம் வரும். உண்மையிலேயே வந்தது. 2020இலும் 50,000 பட்டதாரிகளை எடுப்பதாக அறிவித்து, மாதம் 20,000 ரூபா படியோடு ஒரு வருடப் பயிற்சிக்கு எடுக்கத் தொடங்கினார்கள். பாடசாலைகளுக்குக்கூட அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக வந்தார்கள். அதில் கெட்டிக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் படித்ததற்கும் கொடுத்த வேலைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்கவில்லை.

வியாபாரிக்கு இதன் பெயர் தெரியும். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துவது. அந்த ஒருவர் கடனில் விழுந்தால் கடைக்காரரும் விழுவார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. வாடிக்கையாளரே அந்த நிலையில் இருக்கும்போது, எங்கள் பிள்ளைகள் இன்னும் அதே ஒருவருக்காகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சிலர் உடனே மறுபக்கம் பாய்வார்கள். "அப்ப எல்லாரும் ஐ.டி. படிக்கட்டும்." இதுவும் வியாபாரச் சிந்தனை இல்லை. ஒரு தெருவில் ஒருவர் போன் கடை போட்டு உழைத்தால் ஆறு மாதத்தில் அதே தெருவில் எட்டுப் போன் கடை வருகிறதே, அந்தச் சிந்தனை. கணிதத்தைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டாரில் இருக்கிறது என்பதற்காக, இலட்சக்கணக்கில் கட்டித் தனியார் நிறுவனமொன்றில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டாவது வருடத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து அழும்.

என்னைக் கேட்டால், பட்டம் என்பது கடையின் பெயர்ப் பலகை. பலகையைப் பார்த்து ஆள் உள்ளே வருவார். வந்தவருக்குக் கொடுக்க றாக்கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை கலைப் பிரிவு. பெரிய பெறுபேறு இல்லை. கெம்பஸில் புவியியல் கிடைத்தது. ஊரில் எல்லோரும் "ஆர்ட்ஸ்தானே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். முதல் வருடத்திலேயே இந்தப் பாடத்தை வெளியில் யார் பாவிக்கிறார்கள் என்று அது தேட ஆரம்பித்தது. நில அளவை, நீர்ப்பாசனம், அனர்த்த முகாமைத்துவம், தொண்டு நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல். இவர்கள் எல்லோருக்கும் கணினியில் வரைபடம் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். ஜி.ஐ.எஸ். மென்பொருளில் கியூஜிஐஎஸ் இலவசம். லெப்டொப்பில் போட்டுக்கொண்டு, விடுமுறைகளில் சொந்தப் பிரதேசத்தின் வெள்ளப் பகுதிகளை வரைபடமாக்கியது. இறுதி வருட ஆய்வும் அதுவே. பட்டமளிப்புக்கு முன்பே வேலை கிடைத்தது. அதே வகுப்பில், அதே விரிவுரையைக் கேட்ட மற்றவர்கள் நியமனத்துக்குக் காத்திருந்தார்கள்.

இன்னொரு சரக்கு எங்களுடைய வாயிலேயே இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் பிழையான தமிழில் எத்தனை அறிவித்தல் பலகைகளை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம்! தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆளுக்கு இந்த நாட்டில் தட்டுப்பாடு என்பதற்கு அந்தப் பலகைகளே சாட்சி. உறுதி, பிறப்புச் சான்றிதழ், நீதிமன்ற ஆவணம் என்று சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைகிற சனத்தையும் பார்க்கிறோம். கண்டி, மாவனெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெருவிலேயே கிடைக்கிறது. கிழக்கில் எங்களுடைய பிள்ளைகள் அதைக் காசு கொடுத்தாவது படிக்க வேண்டும். டியூஷனுக்குக் கொட்டுகிற காசில் பத்தில் ஒரு பங்கு போதும்.

காத்திருக்கிற காலத்தைச் சொன்னேன். பரீட்சை முடிந்து பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதக்கணக்கில் போகிறது. முதல் முடங்கிக் கிடப்பது என்றால் இதுதான். கொமர்ஸ் பிள்ளைகள் அதற்குள் ஏ.ஏ.டி.யில் ஒரு கட்டத்தைத் தாண்டலாம். மற்றவர்கள் ஒரு பார்மசியிலோ, ஹாட்வெயாரிலோ, கணக்காளர் ஒருவரின் ஒபிஸிலோ சும்மாவாவது நிற்கலாம். கல்லாவில் ஆறு மாதம் நின்ற பிள்ளைக்கு மனிதர்களோடு பேச வரும். அதைப் படிப்பிக்க எங்களுடைய பாடத்திட்டத்தில் இடமில்லை.

மூன்றாவது தடவை பரீட்சை எழுதுகிற பயோ பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூன்றாவது தடவை நியாயமானது; வெட்டுப்புள்ளியை ஒட்டி வந்தவர்களுக்கு. ஆனால் தூரத்தில் நிற்கிற பிள்ளையை, "இவ்வளவு செலவழிச்சிட்டோமே" என்ற ஒரே காரணத்துக்காக மறுபடி உட்கார வைக்கிறார்கள். போன காசு போனதுதான். போகாத சரக்கைக் கழிவு விலைக்கு விற்றுவிட்டு அடுத்த சரக்கை எடுக்கத் தெரிந்த அதே வாப்பா, "டொக்டர்" என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் வியாபாரத்தை மறந்துவிடுகிறார்.

இந்தக் கணக்கு செல்லாத ஓர் இடமும் உண்டு. "மகள் வேலைக்கா போகப் போறா, அவவுக்கு எதுக்கு கெம்பஸ்?" என்று என்னுடைய கணக்கையே எடுத்து என்னிடம் நீட்டியவர்கள் இருக்கிறார்கள். படித்த உம்மாவின் மடியில் வளர்கிற பிள்ளைகளை எந்த ஐந்தொகையில் பதிவீர்கள்? அதோடு, நாளை அவவுக்கு ஒரு கஷ்டம் வந்தால் கைகொடுக்கப் போவதும் அந்தப் படிப்புத்தான். வரலாறு, இலக்கியம் படிக்கிற பிள்ளையை "மார்க்கெட் இல்லை" என்று மிரட்டுவதையும் நான் ஏற்கவில்லை. ஆசையோடு படிக்கிறவர் படிக்கட்டும். பக்கத்தில் விற்கக்கூடிய ஒரு கைத்திறனையும் வைத்துக்கொள்ளட்டும்.

விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் திறந்து பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கற்கை நெறிகள் இருக்கின்றன. நம்முடைய பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டின் பெயரைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். தெரிவு ஒழுங்கில் எதையும் போடுவதற்கு முன், அதைப் படித்து முடித்த ஒருவரையாவது தேடிப் பிடித்து, "இப்ப என்ன செய்றீங்க, முதல் சம்பளம் எவ்வளவு, மறுபடி தெரிவு செய்தால் இதையே எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். பேஸ்புக்கில் இருக்கிற நாங்கள் எல்லோரும் சேர்ந்தால் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கெம்பஸ் முடித்தவர்கள் கீழே உங்களுடைய கற்கை நெறியையும் இப்போதைய வேலையையும் எழுதிவிடுங்கள்; பிள்ளைகள் வாசிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். கைநூலோடு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். போன முறை மூன்று வாப்பாமார் தனியாக வந்து, மகனுக்கு என்ன விருப்பம் என்று நான் கேட்டதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.