மூச்சு முந்தும், மூட்டு பிந்தும்

முழங்காலில் அடிபட்டு ஓட்டத்தை நிறுத்தியவனைத் தேடி இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேர்கின்றன. 'இந்த வயதில் எதற்கு இந்த வேலை? நடந்தால் போதாதா?' என்பது உறவினர்களுடையது. 'மனம் இருந்தால் போதும், வலியைத் தாண்டி ஓடுங்கள்' என்பது ஓட்டக்குழு நண்பர்களுடையது. பதினான்கு மாதங்களாக இரண்டையும் கேட்டுவருபவன் என்ற முறையில், இரண்டுமே பொறுமையின்மையின் இரு வடிவங்கள் என்று சொல்லத் துணிகிறேன்.

எனக்கு வயது 46. கோவை ரேஸ்கோர்ஸ் சாலையின் நடைபாதைச் சுற்று ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். அதை நான்கு முறை ஓடி முடித்துவிட்டு முதல் பாடவேளைக்குச் செல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். ஒருநாள் நூலகப் படிக்கட்டில் புத்தகக் கட்டோடு இறங்கும்போது கால் பிசகியது. உடல் திரும்பிய திசையில் முழங்கால் திரும்பவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது. தொடையெலும்புக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவே, பிறை வடிவில் இரண்டு மெத்தைகளாக அமைந்திருக்கும் குருத்தெலும்பு அது. அதன் வெளிவிளிம்புக்கு இரத்த ஓட்டம் உண்டு, உட்பகுதிக்கு இல்லை. ஆகவே விளிம்பில் ஏற்படும் கிழிசல் ஆறும் வாய்ப்பு அதிகம். என்னுடையது விளிம்பில். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

மூன்றாம் மாதத்தில் வலி நின்றது. அங்கேதான் தவறினேன். அந்த நாட்களில் ஜோன் பெனாய்ட்டின் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். 1984 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. பதினேழே நாட்களில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் முதலிடம். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில், ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த பெண்கள் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் தங்கம். அவரால் முடிந்தது என்னால் முடியாதா என்று ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஓடியும் முடித்தேன். மறுநாள் காலை முழங்கால் இளநீர்க் காய் போல் வீங்கியிருந்தது. மூன்று மாத உழைப்பு ஒரு மணி நேரத்தில் வீணாயிற்று.

ஜோனின் வரலாறு உண்மைதான்; நான் அதை வாசித்த முறைதான் பிழை. முந்தைய ஆண்டு பாஸ்டனில் உலகின் மிக விரைவான நேரத்தைப் பதிந்தவர் அவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது, புறனடையைப் பொதுவிதியாகக் கொள்ளாதீர்கள் என்று மாணவர்களை எச்சரிக்கும் நான், என் முழங்கால் விஷயத்தில் அதையே செய்தேன்.

"மூச்சு சீக்கிரம் தயாராயிடும் சார், மூட்டு மெதுவாத்தான் வரும்" என்றார் எனக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர். மீண்டு வருபவனின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலையை எட்டத் தொடங்கும். தசைநாணும் குருத்தெலும்பும் அந்த வேகத்தில் வருவதில்லை. மூட்டு வீங்கியிருந்தால் தொடையின் முன்தசை முழுமையாக இயங்காது. நாம் ஏவினாலும் அது பாதியே பணிசெய்யும். எனவே முதலில் தசையை மீட்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுதல், படியேறி இறங்குதல், பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இதற்கான தேர்வு ஓடும்போது நடப்பதில்லை. மறுநாள் காலையில் வீக்கமோ விறைப்போ இருக்கிறதா என்பதே மதிப்பெண்.

அப்படியானால் உறவினர்கள் சொல்வதுபோல் விட்டுவிடலாமே? 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு கட்டுரையின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதம்; ஓடாதவர்களிடம் ஏறத்தாழ 10 சதவீதம்; போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13 சதவீதம். ஓட்டம்தான் காரணம் என்று இந்த எண்கள் நிறுவவில்லை. மூட்டு நலமாக உள்ளவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் வாதிடலாம். அடிபட்ட மூட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், ஓடினாலே மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இங்கே ஆதரவு இல்லை.

தமிழில் 'ஆற்றுதல்' என்ற ஒரே சொல் சூட்டைத் தணிப்பதையும் துயரைத் தேற்றுவதையும் செயலைச் செய்து முடிப்பதையும் குறிக்கிறது. பல ஆண்டுகள் இச்சொல்லுக்கு வகுப்பில் பொருள் சொல்லியிருக்கிறேன். புண் ஆறக் காத்திருப்பதும் ஒரு செயலை ஆற்றுவதுதான் என்பது என் உடம்பில் பட்ட பிறகே உறைத்தது.

ஓட்டக்குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதக்கம் அணிந்த படங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், இன்று ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தவரின் கணக்குக்கும் இடம் கொடுங்கள். அந்தக் கணக்கை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் என் போன்றவர்கள் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கிறோம்.

இப்போது ஒரு சுற்றை நிற்காமல் ஓடுகிறேன். இருபது நிமிடங்கள் ஆகின்றன. இரண்டாம் சுற்றை நடக்கிறேன். முன்பு நான் நாள்தோறும் கடந்து சென்ற பெரியவர் ஒருவர் அப்போது என்னைக் கடந்து போகிறார். "மெதுவா வாங்க வாத்தியாரே" என்கிறார். வருகிறேன்.